கல்வராயன் மலையில் விருந்தோம்புவது யார்?

காட்டுக்குள் இரண்டு நாள் தங்குவது, விலங்குகளைக் காண்பது, பக்கத்து நிலத்தில் விளைந்ததை உண்பது: இம்மூன்றும் சேர்ந்த சரக்குக்கு இன்று நகரங்களில் நல்ல விலை இருக்கிறது. வயநாடு, மசினகுடி, வால்பாறை என்று மேற்குத் தொடர்ச்சி மலையில் இடம் நிறைந்துவிட்ட பிறகு, இந்த வணிகத்தின் பார்வை கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் மீதும் விழத் தொடங்கியிருக்கிறது. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நிற்கும் கல்வராயன் மலையும் அந்தப் பார்வைக்குள் வந்துவிட்டது. இதை எடுத்த எடுப்பில் எதிர்க்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு கேள்வியை முதலிலேயே கேட்டாக வேண்டும். இந்த ஏற்பாட்டில் விருந்தினர் யார் என்பது தெளிவு. பணம் கொடுத்து வருகிற நாம். விருந்தோம்புகிறவர் யார்? இதற்கு நேர்மையான விடை இல்லாமல் எழுப்பப்படும் எந்த விடுதியும் அம்மலைக்கு நன்மை செய்யாது என்பதே நம் கருத்து.

இலக்கிய வாசகர்களுக்கு மலைவழிப் பயணமும் மலைநாட்டு உணவும் புதிய பொருள் அன்று. பத்துப்பாட்டில் இறுதியாக எண்ணப்படும் மலைபடுகடாம் முழுவதும் இதுதான். பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள். நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிரே வரும் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். நன்னனின் ஊரான செங்கண்மாவை இன்றைய செங்கம் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். கல்வராயன் மலையிலிருந்து தென்பெண்ணையைக் கடந்து வடக்கே போனால் வருகிற ஊர். பன்றிக்கு வைத்த கற்பொறிகள் எங்கே இருக்கும், குழிகளில் பாம்பு எப்படி மறைந்திருக்கும், தினைப்புனக் காவலர் யானையை விரட்ட எறியும் கவண்கல் எந்தப் பக்கமிருந்து பாயும், இரவில் நடக்காமல் குகையில் எப்படித் தங்குவது என்றெல்லாம் அவன் சொல்கிறான். எந்தச் சிற்றூரில் எது கிடைக்கும் என்பதும் அதில் உண்டு. தினைச்சோறும் இறைச்சியும், மூங்கிலரிசியோடு அவரை விதையும் புளியும் சேர்த்து ஆக்கிய உணவும், மூங்கில் குழாயில் முதிர்ந்த தேன்கள்ளும் வழிநெடுக வந்துகொண்டே இருக்கின்றன.

புரவலனைப் பாட வந்த நூல். அதில் மிகை இருக்கும். அதைக் கழித்துவிட்டாலும் இரண்டு செய்திகள் எஞ்சுகின்றன. முதலாவது, வந்தவர்க்குச் சோறிடுகிறவர்கள் அம்மலையின் குடிகளே. தம் வீட்டில், தம் புனத்தில் விளைந்ததைத் தாமே தருகிறார்கள். இரண்டாவது, விலங்கு அங்கே காட்சிப்பொருள் இல்லை. அது வாழும் இடத்தில் நாம் எப்படி ஒதுங்கிப் போவது என்பதே வழி சொல்பவனின் கவலை. நூலின் பெயரே மலையை யானையாகவும் மலையில் எழும் ஓசைகளை அதன் மதமாகவும் உருவகித்ததால் வந்தது. அதில் மலையின் ஓசைகளுக்கென்றே ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவதைப் போலவே காதில் விழுவதும் காடுதான் என்று அறிந்திருந்த ஒருவரின் பட்டியல் அது.

இனி இன்றைய மலைக்கு வருவோம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக ஏறினால் கோமுகி அணையைத் தாண்டி மலைச்சாலை தொடங்குகிறது. மேலே கரியாலூர், வெள்ளிமலை. மறுபுறம் சேலம் மாவட்டத்தில் கருமந்துறை, அங்கே அரசின் பெரிய பழப்பண்ணை. வடபகுதியைச் சின்னக் கல்வராயன் என்றும் தென்பகுதியைப் பெரிய கல்வராயன் என்றும் வழங்குவர். கோமுகியும் மணிமுத்தாறும் இங்கே பிறந்து கீழே போகின்றன. மேகம், பெரியார் முதலிய அருவிகள் உண்டு. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபின் இம்மலை அதன் சுற்றுலா முகமாகிவிட்டது. ஊட்டியின் குளிரும் முதுமலையின் யானைக்கூட்டமும் இங்கே இல்லை. இலையுதிர்காடு, பாறை, புதர், இடையிடையே சமதளத்தில் விளைநிலம், அதன் ஓரத்தில் சிற்றூர். காடும் ஊரும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கும் மலை இது.

இங்கே வாழ்கிறவர்கள் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். கேரளத்தோடு அவர்களுக்குத் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பது அவர்களுடைய வாய்வழக்கு. ஆனால் மலையை ஆண்டவர்கள் வேறு சிலர். சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தார் குடும்பங்களின் கீழ் இம்மலை பிரிந்து கிடந்தது. வரியும் கூலியில்லா உழைப்பும் அவர்களுக்குப் போயின. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பதாண்டுகள் கழித்து, 1976இல்தான் இம்மலை முழுமையாக அரசின் நிர்வாகத்துக்குள் வந்தது. சமவெளியில் இனாம் ஒழிப்பு பழங்கதையாகிவிட்ட காலத்தில் இங்கே அது அப்போதுதான் நடந்தது.

அதன்பிறகும் இம்மலை செய்திகளில் வந்தது நல்ல காரணங்களுக்காக அல்ல. சாராய ஊறல், மரம் வெட்டக் கூலிக்கு அழைத்துச்செல்லும் தரகர்கள் என்று தொடர்ந்த கதை அது. 2015 ஏப்ரல் 7ஆம் நாள் ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் சுட்டுக்கொல்லப்பட்ட இருபது தமிழர்களும் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களின் மலையையும் மலையடிவாரத்தையும் சேர்ந்த ஏழைகள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதையொட்டி எழுந்த பேச்சில்தான், கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர்நீதிமன்றம் தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாலை, பேருந்து, மருத்துவமனை, குடும்ப அட்டை என்று நீதிமன்றம் அரசை நோக்கிக் கேட்ட கேள்விகள் சமவெளியில் இருக்கும் எவரையும் கூசவைப்பவை. அந்த மலைக்குத்தான் நாம் ‘நிம்மதி’ தேடிப் போகிறோம்.

அண்மையில் நாங்கள் நண்பர்கள் சிலர் அம்மலையில் ஒரு தனியார் விடுதியில் இரண்டு இரவுகள் தங்கினோம். பெயர் வேண்டாம், நம் கேள்வி அந்த ஒரு விடுதியைப் பற்றியது அன்று. இடம் அழகானது. விளம்பரத்தில் மலைத்தோட்டத்து உணவு என்றிருந்தது. மேசைக்கு வந்தவை சப்பாத்தி, கோபி மஞ்சூரியன், பிராய்லர் கோழி. காய்கறியெல்லாம் கள்ளக்குறிச்சிச் சந்தையிலிருந்து வண்டியில் ஏறி வந்தவை. சமையற்கட்டில் வேலை பார்த்த மலைக்கிராமத்து அம்மாவிடம் சாமைச்சோறு கிடைக்குமா என்று கேட்டோம். “அது எங்க வூட்ல திங்கிறது சார். வெளியூர்க்காரங்களுக்கு அதை எப்படிப் போடறது?” என்று சிரித்தார். அவர் வீட்டில் சாமை இருந்தது. எங்களுக்கும் அது வேண்டியிருந்தது. இடையில் இருந்த விடுதிக்கு மட்டும் அது ஓர் உணவாகத் தோன்றவில்லை.

இரவில் ‘விலங்கு தரிசனம்’. விடுதியின் பின்புறம் ஒரு குழியில் மீந்த சோற்றைக் கொட்டி, மின்விளக்கைத் தயாராக வைத்திருந்தார்கள். ஒன்பது மணியளவில் காட்டுப்பன்றிகள் வந்தன. விளக்கைப் போட்டார்கள், எல்லோரும் செல்பேசியில் படம் பிடித்தார்கள். மறுநாள் காலை அந்த அம்மா சொல்லித்தான் மற்றொரு பக்கம் தெரிந்தது. குழிக்கு அப்பால் இரண்டு நிலம் தள்ளி அவருடைய மரவள்ளிக்காடு. சோற்றுக்கு வந்து பழகிய பன்றிகள் திரும்பும்போது அவருடைய கிழங்கைத் தோண்டிவிட்டுப் போகின்றன. பாத்திரம் தேய்த்து முடித்து, கையில் ஒரு டார்ச்சோடு அவர் வீட்டுக்கு நடப்பதும் அதே வழியில்தான். காட்சிக்கான கட்டணம் விடுதிக்கு. காட்சியின் நட்டம் அவருக்கு.

காட்டுப்பன்றி இன்று தமிழக உழவர்களின் பெரும் துயரங்களில் ஒன்று. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியில் அரசு ஆணை பிறப்பிக்கும் அளவுக்கு அது முற்றியிருக்கிறது. கல்வராயன் மலையில் பெரும்பாலான ஊர்கள் காட்டை ஒட்டியே இருப்பதால் அந்த ஆணை அவர்களுக்கு எவ்வளவு உதவும் என்பது ஐயமே. இந்நிலையில் வேடிக்கைக்காகப் பன்றிக்குச் சோறிடுவது அறியாமை மட்டும் அன்று. பக்கத்து நிலத்துக்காரருக்குச் செய்யும் அநீதி.

கரடியின் கதை இன்னும் கடுமையானது. கறையானும் தேனும் நாவலும் ஈச்சம்பழமும் தேடி இரவில் அலையும் விலங்கு அது. கண்பார்வை கூர்மையற்றது. அருகில் திடீரென மனிதரைக் கண்டால் மிரண்டு தாக்கும். கரடியால் முகம் சிதைந்தவர்களை நாட்டின் பல காட்டோர ஊர்களில் காணலாம். அதை விடுதிக் குப்பைக்குப் பழக்குவது, விடுதியில் வேலை செய்கிறவர்களின் வழியில் அதைக் கொண்டுவந்து நிறுத்துவதற்குச் சமம்.

இது எதில் போய் முடியும் என்பதற்கு மசினகுடி சான்று. யானை வழித்தடத்தில் எழுந்த விடுதிகளை மூடுமாறு 2018இல் தொடங்கிய உச்ச நீதிமன்ற ஆணைகள், 2020 அக்டோபரில் வழித்தட அறிவிப்பை உறுதிசெய்த தீர்ப்பில் நிறைவுற்றன. மூன்று மாதம்கூட ஆகவில்லை. 2021 ஜனவரியில் அதே வட்டாரத்தில் ஒரு தங்குமிடத்தை நெருங்கிய காட்டுயானையின் மீது எரியும் பொருள் வீசப்பட்டு, அந்த யானை இறந்தது. விலங்கைக் காட்டிப் பணம் பண்ணும் இடத்தில், அதே விலங்கு வாசலுக்கு வந்தபோது கிடைத்த வரவேற்பு அது.

கல்வராயன் மலையில் விலங்கு காண்பது என்பதற்கு வேறு பொருள் வேண்டும். இங்கே சஃபாரிக்கு வேலையில்லை. விடியலில் கேட்கும் காட்டுக்கோழியின் கூவல், அந்தியில் மயிலின் அகவல், இருட்டியபின் பக்கியின் ஒரே சீரான ஒலி, காலையில் சேற்றில் பதிந்த குளம்புத் தடம், கறையான் புற்றில் கரடி நகத்தின் கீறல்: இவற்றைப் படிக்கத் தெரிந்த ஒருவர் உடன் வந்தால், ஒரு விலங்கையும் காணாமலே ஒரு நாள் முழுவதும் காட்டைக் காணலாம். அப்படிப் படிக்கத் தெரிந்தவர்கள் மலையில்தான் இருக்கிறார்கள். மலைபடுகடாத்தின் கூத்தன் செய்த வேலை அது. அவர்களை நாம் அறை துடைக்கவும் பாத்திரம் தேய்க்கவும் வைத்திருக்கிறோம்.

உணவைப் பற்றியும் சற்றுப் பொறுமையாகப் பேச வேண்டும். சாமையும் தினையும் கேழ்வரகும் மலையின் பழைய விளைச்சல். அவை குறைந்ததற்குக் காரணம் மலைமக்களின் மறதி அன்று. சாமையின் உமி இறுகிப் பிடித்தது. அதை உரலில் குத்திப் புடைத்து அரிசியாக்குவது பெண்களின் முதுகை ஒடிக்கும் வேலை. நியாயவிலைக் கடை அரிசி வந்தபோது அந்த உழைப்பு மிச்சமானது. மரவள்ளியோ கைக்குக் காசு தந்தது. சேலம், ஆத்தூர் வட்டார ஜவ்வரிசி ஆலைகள் வாங்கிக்கொண்டன. சேலத்தில் 1981இல் சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பும் தோன்றி அத்தொழில் வலுப்பெற்றது. ஆகவே, நகரத்து நாவுக்குச் சிறுதானியம் நாகரிகமாகிவிட்டது என்பதற்காக, மலையில் இருப்பவர் மரவள்ளியை விட்டுவிட்டுச் சாமைக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

ஆனால் விலையும் வசதியும் கொடுத்தால் சாமை திரும்பும் என்பதற்குப் பக்கத்து மலைகளில் சான்று இருக்கிறது. கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து செய்த பணியில் முக்கியமானது உபதேசம் அன்று, சிறிய அரைவை இயந்திரங்கள். உரலிலிருந்து பெண்கள் விடுபட்டபின், மகளிர் குழுக்கள் சாமை அரிசியையும் மாவையும் விற்பனைக்குக் கொண்டுவந்தன. சடஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, திருகுலச் சாமை என்ற பழைய வகைகளும் ஓரளவு பிழைத்தன. ஐக்கிய நாடுகள் அவை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது நகரத்துக் கடைகளில் விலை ஏறியது. அந்த ஏற்றத்தில் எவ்வளவு மலை ஏறியது என்பதுதான் கேட்க வேண்டியது. ஒரு விடுதி ஆண்டு முழுவதற்குமான சாமையையும் கேழ்வரகையும் தேனையும் புளியையும் பக்கத்து ஊரிலேயே நல்ல விலைக்கு வாங்கினால், அதுவே பெரிய செயல். பருவத்தில் இல்லாததைப் பரிமாறாமல் இருக்கவும் அது கற்றுக்கொள்ள வேண்டும். அவித்த மரவள்ளிக்கிழங்கும் மிளகாய்த் துவையலும் எந்த விருந்துக்கும் குறைந்தவை அல்ல.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது நிலம். தமிழகத்தில் எந்தப் பகுதியும் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் அறிவிக்கப்படவில்லை. எனவே பிற மாநிலங்களின் அட்டவணைப் பகுதிகளில் பழங்குடியினர் நிலத்துக்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு இங்கே இல்லை. 2006இன் வன உரிமைச் சட்டம்கூட, நீதிமன்ற இடைக்கால ஆணை ஒன்றால் 2016 வரை இம்மாநிலத்தில் பட்டா வழங்கும் நிலைக்கு வரவில்லை. பட்டா இல்லாத நிலத்துக்கு வங்கிக் கடன் கிடையாது. பட்டா உள்ள நிலத்துக்கோ வாங்குவோர் கீழிருந்து வந்து நிற்கிறார்கள். ஏற்காட்டில் இதே மலையாளிகளுக்கு நேர்ந்தது நம் கண்முன் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்கள் வந்தன. பின்னர் பங்களாக்களும் விடுதிகளும் வந்தன. மலைக்கு உரியவர்கள் மலையில் கூலிகளானார்கள். ஜாகிர்தாரிடமிருந்து விடுபட்டு இன்னும் இரண்டு தலைமுறை முடியாத கல்வராயன் மலையில், ரிசார்ட் உரிமையாளர் புதிய ஜாகிர்தாராக வந்து அமரக்கூடாது.

அப்படியானால் சுற்றுலாவே வேண்டாம் என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. காட்டைக் காடாக விடுங்கள் என்பது அவர்கள் வாதம். அதில் உள்ள அக்கறையை மதிக்கிறோம். ஆனால் வேலை இல்லாமையால்தான் மரம் வெட்டவும் ஊறல் போடவும் ஆள் கிடைக்கிறார்கள். மலையை மூடிவைப்பது அவர்களுடைய பசியை மூடிவைக்காது. மறுபுறம், முதலீட்டாளர் வந்தால்தான் வளர்ச்சி என்போரும் உண்டு. அந்த வளர்ச்சியில் மலையாளிக்குக் காவலாளி வேலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று அவர்கள் சொல்வதில்லை.

மூன்றாவது வழி கற்பனை அன்று. தேக்கடியில் 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய சூழல் மேம்பாட்டுக் குழுக்கள், வயணைப்பட்டை திருடி விற்றுக்கொண்டிருந்தவர்களையே காட்டு வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாற்றின. பார்வையாளர்கள் அவர்களோடு நடக்கிறார்கள். கட்டணம் குழுவுக்குச் சேர்கிறது. பரம்பிக்குளத்திலும் அவ்வூர்ப் பழங்குடியினரே விருந்தினரை அழைத்துச் செல்கிறார்கள். அங்கும் குறைகள் உண்டு. வனத்துறையின் கை ஓங்கியே இருக்கிறது என்ற விமர்சனம் நியாயமானது. ஆயினும் திருடனென்று அழைக்கப்பட்டவர் வழிகாட்டி என்று அழைக்கப்படும் மாற்றம் சிறியதன்று. கல்வராயன் மலைக்கு அதைவிடப் பொருத்தமான பாடம் வேறில்லை.

ஆகவே நாம் வேண்டுவன சில. வன உரிமைச் சட்டப்படியான தனிநபர், சமூக உரிமைகளை முதலில் முடித்துத் தரவேண்டும். விடுதி அனுமதி அதற்குப் பின். எந்த ஊரின் எல்லையில் விடுதி வருகிறதோ அந்த ஊரின் கிராமசபை சம்மதிக்க வேண்டும். பெரிய ரிசார்ட்டுகளுக்கு மாறாக, ஊரார் தம் வீட்டோடு நடத்தும் சிறு தங்குமிடங்களுக்கு அரசு கடனும் பயிற்சியும் கொடுக்கட்டும். விலங்குக்கு உணவிடுதலும் இரவு விளக்கும் ஒலிபெருக்கியும் தண்டனைக்குரியனவாகட்டும். கரியாலூரில் கோடைவிழா நடத்தும் அரசு, அந்த மேடைக்குப் பக்கத்தில் சாமை அரைக்கும் ஆலை ஒன்றையும் நடத்தலாம்.

வாசகர்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. விருந்து என்ற தமிழ்ச்சொல்லின் பழம்பொருள் புதுமை. புதிதாக வந்தவரை அது குறித்தது. புதிதாக வந்தவருக்கு வீட்டின் ஒழுங்குக்குக் கட்டுப்படும் பொறுப்பு இருக்கிறது. அடுத்தமுறை மலைக்குப் போகுமுன் அறையின் படங்களைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், மூன்று கேள்விகளைத் தொலைபேசியில் கேட்போம். இந்த நிலம் யாருடையது? சோறு எந்த ஊர் விளைச்சல்? எங்களோடு காட்டுக்கு வருபவர் எந்த ஊர்க்காரர், அவருக்கு என்ன கூலி? விடை சொல்லத் தயங்கும் விடுதியை விட்டு, சொல்லக்கூடிய வீட்டைத் தேடிப் போவோம்.